பழைய காரும் கிணற்று நீரும்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து தீவகம் செல்லும் வீதி மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்று நீண்டு, வாணர் தாம்போதியால் புங்குடுதீவை அடைந்து, குறிகட்டுவான் துறையில் முடிகிறது. ஏற்றம் என்று சொல்லத்தக்க ஏற்றம் இவ்வீதியில் ஒன்றேனும் இல்லை. மலைநாட்டுக் கார்களைப் போல முதலாம் கியரில் முக்கி முனக வேண்டிய தேவை இங்குள்ள கார்களுக்குக் கிடையாது. இருந்தும் மண்கும்பான் அருகே ஒரு பழைய கார் பொனற்றைத் திறந்தபடி ஆவி கக்கி நிற்பதும், சாரதி வாளியுடன் கிணறு தேடிப் போவதும், உள்ளே இருக்கும் பெரியவர்கள் சேலைத் தலைப்பாலும் சால்வையாலும் விசிறிக் கொள்வதும் இப்பகுதியார் அறியாத காட்சிகள் அல்ல. கடல் மட்டத்தை ஒட்டிய சமதரையில் ஓடும் கார் ஏன் கொதிக்க வேண்டும்? இவ்வாரம் இதனையே ஆராய எண்ணுகிறோம்.

பழைய கார் என்று நாம் கூறுவது எவற்றை என்பதை நம் வாசகர்களுக்கு விரித்துரைக்கத் தேவையில்லை. 1947-இல் வெளிவரத் தொடங்கிய ஒஸ்ரின் ஏ40, அதன் வழியில் 1952-இல் பிறந்த சோமசெற், 1957-இல் வந்த கேம்பிறிட்ஜ் ஏ55, இவற்றோடு என்றும் மாறாத மொறிஸ் மைனர். குடாநாட்டின் திருமண வீடுகளுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் மக்களைச் சுமந்தவை இவையே. 1990-ஆம் ஆண்டின் பின்னர் எரிபொருள் தடுக்கப்பட்ட காலத்தில், காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டுக் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டவையும் இவைதாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டுத் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தபோது, விலை கேட்டு மலைத்த குடும்பங்கள் பல, கொட்டிலில் நின்ற பழைய காரையே திரும்பிப் பார்த்தன. ஒரு தரம் அளவுக்கு மிஞ்சிக் கொதித்துச் சிலிண்டரின் தலை வளைந்துவிட்டால் அதைச் சீராக்கும் செலவு சிறியதன்று. சில வேளைகளில் காரின் ஆயுளே அத்துடன் முடிந்துவிடும்.

எஞ்சினுக்குள் எரியும் எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழக் கால் பங்குதான் சில்லைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. மூன்றிலொரு பங்கை ஒட்டிய வெப்பம் தண்ணீருக்குச் செல்கிறது. எஞ்சியது பெரும்பாலும் புகையோடு போகிறது. அந்தத் தண்ணீர், சிலிண்டர்களைச் சுற்றியுள்ள அறைகளில் சூடேறி, மேற்குழாய் வழியாக முன்னாலுள்ள றேடியேற்றருக்குச் சென்று, அதன் மெல்லிய குழல்களில் இறங்கும்போது காற்றுப் பட்டு ஆறி, கீழ்க்குழாய் வழியாகத் திரும்புகிறது. இதனை ஓட்டுவது தண்ணீர்ப் பம்பி. பம்பியையும் விசிறியையும் சுழற்றுவது ஒரே றப்பர் வார். கராஜில் பான் பெல்ற் என்பார்கள். இவ்வளவே ஏற்பாடு. ஆகவே கொதிப்புக்கு அடிப்படையில் மூன்று காரணங்களே இருக்க முடியும். காற்றுப் போதாமை ஒன்று. நீரோட்டம் போதாமை இன்னொன்று. எஞ்சின் தகுதிக்கு மிஞ்சிய வெப்பத்தைப் பிறப்பித்தல் மற்றொன்று. இம்மூன்றில் எது என்று தெளியாமல் றேடியேற்றரைக் கழற்றுபவர், தலைவலி என்று வந்தவருக்கு வயிற்றை அறுக்கும் வைத்தியரை ஒப்பார்.

தெளிவதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. கார் எப்பொழுது கொதிக்கிறது என்ற கேள்வி ஒன்றே போதும்.

நயினாதீவு நாகபூஷணி அம்மன் திருவிழாக் காலத்தில், குறிகட்டுவானை நோக்கி வாகனங்கள் எறும்பு வரிசையாய் ஊரும்போது கொதித்து, வீதி வெளித்ததும் தானே ஆறுகிற கார் ஒன்று உண்டு. அதற்குக் காற்றுத்தான் குறை. ஓடும்போது எதிர்க்காற்று செய்யும் வேலையை நிற்கும்போது விசிறி செய்ய வேண்டும். வார் தளர்ந்து வழுக்கினாலும், றேடியேற்றரின் தகட்டிடைகளில் புழுதியும் பூச்சியும் வைக்கோல் துரும்பும் அடைத்திருந்தாலும் விசிறியால் ஆவது ஒன்றுமில்லை. வாரை நடுவில் பெருவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அளவில் இறங்கலாம். அதற்கு மேல் தொய்ந்தால் இறுக்குதல் வேண்டும். தகட்டின் அடைப்பை எஞ்சின் பக்கத்திலிருந்து முன்புறமாகத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவுதல் வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளே புகும்.

மற்றொரு கார் ஊருக்குள் நன்றாயிருக்கும்; தாம்போதியில் வேகமெடுத்ததும் முள் மேலேறும். இங்கே காற்றுக்குக் குறைவில்லை, நீரோட்டமே குறை. குழல்கள் உள்ளே அடைபட்டிருக்கலாம். அல்லது கீழ்க்குழாயின் றப்பர் இளகி, வேகத்தில் பம்பி உறிஞ்சும்போது உள்வாங்கிச் சப்பையாகிவிடலாம். கார் நின்றதும் அது மீண்டும் உருண்டையாகிவிடுவதால், பொனற்றைத் திறந்து பார்ப்பவர் கண்ணுக்குக் குற்றம் அகப்படுவதில்லை. கள்ளன் போலிஸ்காரரைக் கண்டதும் கைகட்டி நிற்பது போன்றது இது! ஒருவர் எஞ்சினை முறுக்க, மற்றொருவர் கையை விசிறிக்கு எட்டவே வைத்து அக்குழாயைக் கவனித்தால் உண்மை வெளிப்படும்.

கிளப்பிய ஐந்தாறு நிமிடத்துக்குள் கொதிப்பதாயின் வார் அறுந்ததோ, தேர்மோஸ்ராற்று என்னும் வெப்பக் கதவு திறவாமல் ஒட்டிக்கொண்டதோ, ஹெட் காஸ்கெற் பழுதானதோ என்று பார்க்க வேண்டும். இனி, ஓடும்போது ஒன்றுமின்றி, நிறுத்திய பின்னர் குமுறுவது நோயே அன்று. பம்பி நின்றதும் இரும்பிலுள்ள வெப்பம் தேங்கிய நீரில் ஏறுவதால் வருவது அது. நிறுத்துமுன் ஒரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டால் தணியும்.

தீவகத்தாருக்கே உரிய ஒரு நுட்பத்தையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து மண்கும்பான் செல்லும் வழி மேற்கும் தென்மேற்குமாய்க் கிடக்கிறது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் போகும்போது காற்று முகத்தில் அடிக்கும்; வரும்போது முதுகில் தள்ளும். மணிக்கு 40 கிலோமீற்றர் ஓடும் காருக்கு, 30 கிலோமீற்றர் வேகக் காற்று எதிரே வந்தால் றேடியேற்றருக்குக் கிடைப்பது 70 கிலோமீற்றர் வேகக் காற்று. அதே காற்றுப் பின்னால் வந்தால் கிடைப்பது 10 மட்டுமே. போகும்போது ஆறியிருந்த கார் திரும்பும்போது கொதிப்பதற்கு, அதே வீதியில், அதே வேகத்தில், வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஆனால் சீரான றேடியேற்றரும் நல்ல விசிறியும் இந்த வேறுபாட்டைத் தாங்கும். தாங்காத கார் ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறது என்பதே அதன் பொருள்.

மூன்றாவது காரணமாகிய மிகை வெப்பம் எளிதில் ஐயுறப்படுவதில்லை. மண்ணெண்ணெய்க் காலத்தை மீண்டும் நினைவுகூர்வோம். மண்ணெண்ணெய் பெற்றோலைவிட எளிதில் தட்டோசை எழுப்புவது. அதைத் தவிர்க்கத் தீப்பொறி விழும் நேரத்தைப் பிந்த வைப்பார்கள். பிந்திய தீ, வேலை செய்யாமல் வெப்பமாகவே சிலிண்டரிலும் வால்விலும் இறங்கும். பின்னாளில் பெற்றோல் வந்தும் அந்த நேரத்தைத் திருத்தாது விட்டால், குளிர்விக்கும் பகுதிகள் யாவும் சரியாக இருந்தும் கார் சூடாகவே ஓடும். ஆவியாவதற்கு மண்ணெண்ணெய்க்குச் சூடான எஞ்சின் வேண்டும் என்பதும் சுவையான செய்தி. மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடிய பேகுசன் உழவு இயந்திரங்களில், றேடியேற்றரை மறைத்துச் சூட்டைக் காக்கத் திரையே பூட்டினார்கள். கொதிப்பை வரவேற்ற காலமும் ஒன்று இருந்தது!

இனித் தண்ணீருக்கு வருவோம். எம் கருத்தில் தீவகக் கார்களின் நோய்மூலம் பெரிதும் இங்கேயே உள்ளது.

பழைய கார் வைத்திருப்பவர் பலர், பின்பெட்டியில் ஒரு கலன் தண்ணீர் வைத்திருப்பதை முன்யோசனை என்று பெருமையாய்ச் சொல்வார்கள். முன்யோசனைதான், ஆனால் நாள்தோறும் அக்கலன் வெறுமையாவதாயின் அது நோயின் அறிகுறி. மூடிய ஒழுங்கில் சுற்றிவரும் நீர் குறைய வேண்டிய நியாயம் இல்லை. குறைகிறதென்றால் எங்கோ போகிறது. பம்பியின் கீழுள்ள சிறு துளையில் ஈரம் கசிகிறதா, குழாய் முனைகளில் வெண்மையாகவோ துருநிறமாகவோ தாரை காய்ந்திருக்கிறதா, எஞ்சின் பக்கத்திலுள்ள வட்டத் தகட்டு அடைப்புகள் துருவேறி வியர்க்கின்றனவா என்று விடியற்காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். வெளியே ஒன்றும் இல்லையானால் உள்ளேதான் போகிறது. எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் பாலாடை போன்ற கலங்கல் இருப்பின் நீர் எண்ணெயில் கலக்கிறது எனலாம். குறுந்தூரம் மட்டும் ஓடும் காரில் சிறிதளவு கலங்கல் ஈரக் காற்றாலும் வருமாதலால் அது ஒன்றையே சாட்சியாக்க வேண்டாம். உறுதியான சோதனை வேறு. ஆறிய எஞ்சினில் வாரைக் கழற்றிவிட்டு, றேடியேற்றரை வாய்மட்டம் நிரப்பி, மூடாமலே கிளப்பிச் சில கணம் முறுக்கிப் பாருங்கள். பம்பி சுழலாதிருக்கவும் குமிழிகள் தொடர்ந்து எழுமானால், எரிவாயு ஹெட் காஸ்கெற்றைத் தாண்டி நீருக்குள் புகுகிறது. ஒரு நிமிடத்துக்கு மேல் இவ்வாறு ஓடவிடுதல் ஆகாது.

கசிவைத் தேடி அடைக்காமல் தண்ணீர் மட்டும் ஊற்றி வந்தால் என்ன? வீட்டிலுள்ள கேத்தலின் அடியைப் பாருங்கள். குடாநாடும் தீவகமும் சுண்ணக்கல்லின்மேல் அமைந்தவை. மழைநீர் அக்கல்லினூடே இறங்குகையில் சுண்ணத்தைக் கரைத்துக் கல்சியம் இருகாபனேற்றாகச் சுமந்து வருகிறது. சூடேறியதும் அது பிரிந்து, கரையாத கல்சியம் காபனேற்றாகப் படிகிறது. கேத்தலில் படியும் அதே வெண்படிவு, எஞ்சினில் வெப்பம் மிக்க இடமான சிலிண்டர்த் தலையைச் சுற்றியும் றேடியேற்றர்க் குழல்களிலும் படிகிறது. வெப்பத்தைக் கடத்துவதில் இப்படிவு வார்ப்பிரும்பைவிட இருபது மடங்குக்கு மேல் மந்தமானது. இரும்புக்கும் நீருக்கும் இடையே ஒரு மில்லிமீற்றர் படிவு இருப்பது, இரும்புச் சுவர் ஓர் அங்குலம் அளவு கூடுதலாகத் தடித்ததற்கு ஒப்பாகும்.

மாணவர் ஒரு சிறு கணக்குச் செய்து பார்க்கலாம். இலீற்றருக்கு 300 மில்லிகிராம் வன்மை உள்ள கிணற்று நீர் என்று வைத்துக்கொள்வோம். மொறிஸ் மைனர் ஏறத்தாழ ஐந்து இலீற்றர் கொள்ளும். ஒருமுறை நிரப்பினால் உட்புகும் சுண்ணம் ஒன்றரைக் கிராம்; அது முழுவதும் படிந்தாலும் பெருந்தீங்கில்லை. நாள்தோறும் ஓர் இலீற்றர் ஊற்றினாலோ, ஆண்டு முடிவில் உட்புகுவது 109 கிராமுக்கு மேல். அதில் பாதி படிந்தாலும் மெல்லிய குழல்களுக்கு அது அதிகம். எனவே, கெடுதல் செய்வது முதல் நிரப்பிய நீரைவிட, நாளும் ஊற்றும் நீரே. கசிவு சுண்ணத்தை அழைக்கிறது. சுண்ணம் கொதிப்பை உண்டாக்குகிறது. கொதிப்பு நீரை வெளியேற்றுகிறது. மீண்டும் வாளி கிணற்றுக்குப் போகிறது. இரண்டு ரூபாய்க் கசிவாக இருந்தபோது அடைத்திருந்தால் இந்த வட்டம் சுழலத் தொடங்கியே இராது.

“மண்கும்பான் தண்ணீர் தேன்போல இனிக்குமே, அதற்கென்ன குறை?” என்று நம் தீவக அன்பர்கள் கேட்பார்கள். மண்கும்பான், சாட்டி மணற்பரப்புக் கிணறுகளின் நன்னீர் உவர்சூழ் தீவகத்தில் பெயர் பெற்றது என்பதை நாமும் அறிவோம். ஆனால் நன்னீர் வேறு, மென்னீர் வேறு. உப்புக் கரிக்காதது நன்னீர். சுண்ணம் குறைந்தது மென்னீர். மணலில் சிப்பி ஓட்டுத் துணிக்கைகள் கலந்திருந்தால் இனிய நீரிலும் சுண்ணம் இருக்கும். நாவுக்கு அது புலப்படாது, சவர்க்காரத்துக்குப் புலப்படும். ஒரே அளவான இரண்டு போத்தல்களில் ஒன்றில் மழைநீரும் மற்றதில் கிணற்று நீரும் பாதியளவு எடுத்து, சவர்க்காரக் கரைசலைத் துளித்துளியாக விட்டுக் குலுக்குங்கள். நுரை நிலைப்பதற்கு எத்தனை துளி அதிகம் வேண்டியதோ, அத்தனைக்கு அந்நீர் வன்னீர்.

அந்த நன்னீரும் கடல்நீரின்மேல் மிதக்கும் ஒரு படலமே. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது நிலநீர் நூலார் கணக்கு. மணலை அகழ்ந்து மேல்மட்டத்தை அரை அடி இறக்கினால் கீழே இருபது அடியை உவர் விழுங்கும். காருக்கு வேறு தண்ணீர் தேடலாம், மனிதருக்கு?

றேடியேற்றருக்கு உகந்தது துப்புரவான கூரையில் முதல் மழை கழிந்தபின் பிடித்த மழைநீர், அல்லது மின்கலத்துக்கு விற்கும் வடிநீர். அத்துடன் கடைகளில் கிடைக்கும் குளிர்நீர்க் கலவையைச் சேர்த்தல் நன்று. பனி உறையாத நாட்டில் பனிமருந்து எதற்கு என்று பலர் நகைப்பார்கள். அதிலுள்ள துருத்தடுப்பு மருந்தே நமக்கு வேண்டியது. அக்கலவையில் பெரும்பாலும் உள்ள எதிலீன் கிளைக்கோல் இனிப்பான நஞ்சு. சோடாப் போத்தலில் ஊற்றிச் சிறுவர் கைக்கெட்டும் இடத்தில் வைப்பதும், வடித்ததைப் பூனை நாய் நக்கும்படி முற்றத்தில் விடுவதும் உயிருக்கு ஆபத்து.

தாம்போதியின் நடுவே கார் நின்றுவிட, இருபுறமும் கடல் அலைக்கும்போது, அதிலேயே ஒரு வாளி மொண்டு ஊற்றும் ஆசை எழுவது இயல்பு. கடல்நீரில் இலீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. செம்பு, ஈயம், இரும்பு மூன்றும் சேர்ந்த றேடியேற்றர் ஒழுங்கில் அது அரிப்பை விரைவுபடுத்தும். வேறு வழியே இல்லாது, உள்ளே நோயாளி இருந்து ஊற்ற நேர்ந்தால், அன்றிரவே பலமுறை நன்னீரால் கழுவிவிட வேண்டும்.

அதனினும் பெரிய ஆபத்து மூடியில் இருக்கிறது. றேடியேற்றர் மூடி வெறும் தகடன்று. அமுக்கத்தைக் காக்கும் வால்வு அது. சதுர அங்குலத்துக்கு 4 இறாத்தல் மூடியின் கீழ் நீர் 107 பாகை செல்சியஸ் வரையும், 7 இறாத்தல் மூடியின் கீழ் 111 பாகை வரையும் கொதியாதிருக்கும். மூடியின் றப்பர் நைந்தால் 100 பாகையிலேயே கொதித்துவிடும். எஞ்சினைக் குறைகூறுமுன் புதிய மூடியொன்றைப் போட்டுப் பார்ப்பது மலிவான பரீட்சை. ஆனால் சூட்டோடு திறந்தால், 111 பாகையில் அடங்கியிருந்த நீர் கணத்தில் ஆவியாகிச் சீறி முகத்தைப் பொசுக்கும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளின் முகம் சரியாக அந்த உயரத்தில் இருப்பதை மறக்க வேண்டாம். அரைமணி நேரம் பொறுத்து, தடித்த ஈரச் சாக்கால் மூடி, சிறிது தளர்த்தி, ஆவி போனபின்னரே கழற்றுக. கொதிக்கும் இரும்பில் குளிர்நீரைக் கொட்டினால் அது வெடிக்கவும் கூடும்.

படிவு முன்னமே ஏறிய காருக்குப் பரிகாரம் உண்டு. பழைய றேடியேற்றர்கள் செம்பும் பித்தளையும் ஆனவை; மேல் கீழ்த் தொட்டிகளின் ஈயத்தை இளக்கிப் பிரித்து, ஒவ்வொரு குழலிலும் மெல்லிய கம்பி செலுத்தித் துப்புரவாக்கி மீண்டும் ஒட்டக் கைதேர்ந்த தொழிலாளர் நம்மிடையே இருக்கிறார்கள். இக்காலத்து அலுமினியமும் பிளாஸ்ரிக்கும் சேர்ந்தவற்றுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. எல்லாரும் மறப்பது எஞ்சினின் பின்பக்கத்திலுள்ள வடிகுழாயை. துருவும் சேறும் கடைசிச் சிலிண்டரைச் சுற்றியே தேங்கும். அக்குழாயைத் திறந்ததும் ஒன்றும் வராவிட்டால் நீர் இல்லை என்று எண்ணற்க. கம்பியால் குத்திப் பாருங்கள், செம்மண் குழம்பு போல இறங்கும்.

தேர்மோஸ்ராற்றைக் கழற்றி எறிவது நம் பகுதியில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. எஞ்சின் தக்க சூட்டை எட்டாமல் ஓடினால் பெற்றோல் வீணாகிச் சிலிண்டரும் விரைவில் தேயும். ஆகையால் எறியுமுன் சோதிப்பது நன்று. அதன் விளிம்பில் 74 என்றோ 82 என்றோ பொறித்திருக்கும். அது திறக்கத் தொடங்கும் வெப்பநிலை. வெப்ப நாடுகளுக்கு 74 பொருந்தும். பழைய பேணி ஒன்றில் தண்ணீர் நிரப்பி, அடியில் முட்டாதபடி நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியுடன் அடுப்பில் வைத்தால், குறித்த எண்ணை அணுகும்போது சிறு கதவு மெல்ல வாய் திறப்பதைப் பிள்ளைகள் கண்ணாரக் காண்பார்கள். நீர் கொதித்தும் வாய் திறவாததை மாற்றிவிடுக. பேணியை மீண்டும் அடுக்களைக்குள் எடுக்க வேண்டாம்.